ஆரத்திக்கு நிற்கும் குதிரை

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. மேல் போர்ஷன் சாவி எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்கு. எதிர் வீட்டுல மோட்டார் ரிப்பேர்னு ஓடியிருக்கார். வந்துருவார். மேல ரெண்டு ரூம், ஒரு ஹால், தண்ணி இருபத்து நாலு மணி நேரமும் வரும். பால்கனியில நின்னா மைதானம் முழுக்கத் தெரியும்.

ஆமாங்க, சவுக்குக் கட்டையில வேலி போட்டிருக்கே, அதேதான். குதிரையேற்றத்துக்கு. சிரிக்காதீங்க. சரி, சிரிச்சுக்குங்க. இங்க குடிவர்றதா இருந்தா எப்படியும் நாலு பேர் நாலு விதமாச் சொல்லப்போறாங்க. என் வாயால கேட்டுட்டா உண்மையைக் கேட்ட மாதிரி இருக்கும்.

இந்த லேஅவுட்டுக்குக் குயில் கார்டன்னு பேர். வடவள்ளி தாண்டி இவ்வளவு தூரம் வந்து அறுபத்து நாலு வீடு கட்டியிருக்கோம். இதுவரைக்கும் ஒரு குயில் வந்ததில்லை. நடுவுல அம்பது சென்ட் பொது இடம். பத்து வருஷமா அதுல பார்த்தீனியம்தான் வளர்ந்துச்சு. போன ஐப்பசியில சங்கத்துக்காரங்க கூட்டம் போட்டாங்க. தண்ணி டேங்குக்குக் கீழே பிளாஸ்டிக் சேர் போட்டு, தலைவர் தங்கவேலு சார் மைக்கைத் தட்டித் தட்டி, "இந்த இடத்தை என்ன செய்யலாம்?"னு கேட்டார்.

உடனே எழுந்திரிச்சது யாரு? எதிர் வீட்டு சுலோச்சனா டீச்சர். கவர்ன்மென்ட் ஸ்கூல்ல முப்பத்தாறு வருஷம் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகியும் கையில சாக்பீஸ் இருக்கிற மாதிரியே விரலை வெச்சுக்கிட்டு நிப்பாங்க. எட்டுப் போட்டு நடக்கிற பாதை வேணுமாம். தெரியுமில்ல? தரையில பெரிசா எட்டு வரைஞ்சு அதுமேலேயே நடக்கிறது. சர்க்கரை இறங்குமாம், முட்டி வலி போகுமாம், சளி கரையுமாம். நீளம் இத்தனை அடி, அகலம் இத்தனை அடின்னு வரைஞ்சே எடுத்துட்டு வந்துட்டாங்க. எல்லாரும் தலையாட்டறாங்க. தலையாட்டற கூட்டத்தைப் பார்த்தா எனக்கு ஆகாது.

நானும் எழுந்திரிச்சேன். குன்னூர் கான்வென்ட்ல படிச்சவ நான். எங்க சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்கு நேரா நிக்கவும் நேராப் பேசவும் சொல்லிக் குடுத்திருக்காங்க. "டீச்சர், எட்டுல நடந்தா திரும்பக் கிளம்பின இடத்துக்கேதான் வரப்போறீங்க. அதுக்கு எதுக்கு அம்பது சென்ட்? உங்க வீட்டு டைனிங் டேபிளைச் சுத்துங்களேன்"னேன்.

"சரி சாரு, உனக்கு என்ன வேணும்? நீ சொல்லு"ன்னாங்க. எனக்கு அம்பத்திரெண்டு வயசு. என்னை நீ, வா, போ! கணக்குத் தப்பாப் போட்ட பிள்ளையைக் கேட்கிற மாதிரியே.

எனக்கு என்ன வேணும்னு அதுவரைக்கும் நான் யோசிக்கவே இல்லை. "குதிரையேற்றம்"னு வாயில வந்துருச்சு. நீச்சல் குளம்னு வந்திருக்கலாம், டென்னிஸ்னு வந்திருக்கலாம். குதிரைதான் வந்துச்சு. நாலு பேர் சிரிச்சாங்க. அதோட முடிஞ்சிருக்கும்ங்க. நானும், "சும்மா சொன்னேன்"னு உட்கார்ந்திருப்பேன். ஆனா எங்க வீட்டுக்காரர் எழுந்திரிச்சிட்டார்.

அவர் கூட்டத்துல பேசற ஆளே கிடையாது. பம்ப் செட் கம்பெனி வெச்சிருக்கார். பம்ப்கிட்டப் பேசறதோட சரி. அந்த மனுஷன் மைக்கை வாங்கி, "என் மனைவி குன்னூர்ல குதிரை ஏறிப் பழகினவங்க. இத்தனை வருஷமா இந்த ஊருக்கு அது தெரியாமலே போச்சு. பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அவங்களே சொல்லித் தருவாங்க"ன்னார். கண்ணுல தண்ணி நிக்குது. கைதட்டல்.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், உங்களுக்குள்ளேயே இருக்கட்டும். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப எங்க மாமியார், "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. கேசரியைத் தின்னுக்கிட்டே கேட்டாங்க. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "பாடத் தெரியாது. குதிரை ஏறத் தெரியும்"னேன். எங்கப்பா கையில இருந்த காபி டம்ளர் அப்படியே நின்னுபோச்சு. மாமியாருக்கு முகம் செத்துப்போச்சு. ஆனா மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார் பாருங்க ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குத்தான் நான் சம்மதிச்சேன். அதுக்கப்புறம் இருபத்தெட்டு வருஷமா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்த ஊருக்குப் போனாலும், "இவங்க குதிரை ஏறுவாங்க"ன்னு என்னை அறிமுகப்படுத்தறார். சமையல் நல்லாயிருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்லை. குதிரையை மட்டும் மறந்ததில்லை.

பொய்யான்னா, முழுப் பொய் இல்லைங்க. எங்க கான்வென்ட்ல குதிரை இருந்துச்சு. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை வகுப்பு. நான் வீட்டுல இருந்து வந்து போற பிள்ளை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நாலு வருஷம் பார்த்திருக்கேன். நாலு வருஷம் பார்த்தா ஏறின மாதிரிதானே? நீங்க டிவியில சமையல் பார்த்துக் கத்துக்கிறதில்லையா?

அப்புறம் திட்டம் போடற பொறுப்பை என் தலையிலேயே கட்டிட்டாங்க. நான் எடுத்த காரியத்தை அரைகுறையா விடமாட்டேன். நாப்பது பக்க நோட்டு ஒண்ணு போட்டு எல்லாத்தையும் எழுதினேன். ஓடற இடத்துக்கு எத்தனை லோடு எம்-சாண்ட், லாயத்துக்கு ஓடா ஷீட்டா, தண்ணித் தொட்டி எங்கே, முதல்ல எத்தனை குதிரை, அப்புறம் எத்தனை குதிரை. இந்த ஜனங்களோட திட்டம் போட்டுப் பார்த்திருக்கீங்களா? லாயம் வாயு மூலையிலதான் வரணும்னு ஒருத்தர். அங்கே வந்தா அவர் வீட்டு ஜன்னலுக்கு நேரா வரும். அதனால வாயு மூலையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்னு அவரே சொல்றார். சாணி பத்தி மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசினோம். முதல் அரை மணி நேரம், "ஐயோ, சாணியா, நாறுமே"ன்னாங்க. மாடித் தோட்டத்துக்கு ஒண்ணாம் நம்பர் உரம்னு யாரோ சொன்னதும் மிச்ச ஒரு மணி நேரம் யாருக்கு எத்தனை பக்கெட்னு சண்டை. குதிரையே இன்னும் வரலை!

சுலோச்சனா டீச்சர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துட்டு மார்கழிக் கூட்டத்துல மெதுவா ஒண்ணு போட்டாங்க. "ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஒரு குதிரையைக் கொண்டு வருவோம். சாரு ஒரு சுத்து வரட்டும். நம்ம ரோட்டுக்கு ஒத்து வருதான்னு பார்த்துட்டு அப்புறம் கை தூக்கலாமே." எவ்வளவு விஷம் பாருங்க. கேட்கறப்ப ரொம்ப நியாயமா இருக்கும்.

எங்க வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். மறுநாளே உக்கடத்துல ஜமால் பாயைப் பிடிச்சுட்டார். பாய்கிட்ட ஒரு வெள்ளைக் குதிரை. மின்னல்னு பேர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடற குதிரை. நான் கேட்டேன், "ஏங்க, ஓட்டிப் பழகற குதிரை வேற, ஊர்வலக் குதிரை வேற இல்லையா?"ன்னு. "குதிரைன்னா குதிரைதானே சாரு? பம்ப்ல வேணா அஞ்சு எச்பி, பத்து எச்பின்னு இருக்கும். இது எப்பவுமே ஒரு எச்பிதான்"னார். அவருக்கு அது ஜோக். ரெண்டு நாள் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார்.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்குக் குதிரை வந்துச்சு. முந்தின நாள் ஏதோ ரிசப்ஷன்ல இருந்து நேரா வந்திருக்கு போல. சிவப்பு வெல்வெட், ஜரிகைக் குஞ்சம், நெத்தியில கண்ணாடிப் பொட்டு. என்னைவிட நல்லா அலங்காரம் பண்ணியிருந்துச்சு. நான் சுடிதார் போட்டு, என் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நின்னேன். ஜமால் பாய் ஒரு ஸ்டூலைப் போட்டு, "ஏறுங்கம்மா"ன்னார். ஏறிட்டேன். எப்படின்னு கேட்காதீங்க. பின்னாடி இருந்து எங்க வீட்டுக்காரர் ஒரு தள்ளு தள்ளினார், மேல போயிட்டேன். மேல போன பிறகுதான் தெரிஞ்சுச்சு, குதிரை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கறப்ப இருக்கிற உயரம் இல்லைன்னு.

மார்கழி மாசம். ஞாயித்துக்கிழமை. எல்லா வீட்டு வாசல்லயும் ரோட்டை அடைச்சுக் கோலம். எல்லா கேட்லயும் பொம்பளைங்க நின்னு வேடிக்கை பார்க்கிறாங்க. இதுல என்ன வம்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுதா? எனக்கும் தெரியலை. ஆனா மின்னலுக்குத் தெரிஞ்சுச்சு.

முதல் வீடு தங்கவேலு சார் வீடு. கோலத்தைப் பார்த்ததும் குதிரை நின்னுடுச்சு. வாசலைப் பார்த்துத் திரும்பி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்படியே நிக்குது. பாய் இழுக்கிறார், தட்டறார், காதுல என்னமோ சொல்றார். அசையலை. கடைசியில பாய் சங்கடமாச் சிரிச்சுக்கிட்டு, "அம்மா, இது மண்டப வாசல்னு நினைச்சுக்கிச்சு. ஆரத்தி எடுத்தாத்தான் நகரும். பதினோரு வருஷமா அப்படியே பழகிடுச்சு"ன்னார்.

என்ன பண்றது? தங்கவேலு சார் சம்சாரம் உள்ளே ஓடி, தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு எடுத்துட்டு வந்து எனக்கு ஆரத்தி சுத்தினாங்க. ஹெல்மெட் கண்ணாடி மேலேயே பொட்டு வெச்சாங்க. கரைச்ச தண்ணியைக் கோலத்துல ஊத்தினதும் மின்னல் ஒரு தலையாட்டு ஆட்டிட்டு நடந்துச்சு. எங்கே? அடுத்த வீட்டுக் கோலத்துக்கு.

பதினோரு வீடுங்க. பதினோரு ஆரத்தி. அடுத்த வீட்டுக்காரங்க எல்லாம் முன்னாடியே தட்டோட தயாரா நிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தி, "மாப்பிள்ளை எந்த ஊரு?"ங்கறா. இன்னொருத்தி, "மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் குடுங்கடி"ங்கறா. எனக்கு இடுப்புக்குக் கீழே ஒண்ணுமே இல்லை, மரத்துப்போச்சு. எங்க வீட்டுக்காரர் கூடவே நடந்து வந்து போன்ல படம் எடுத்துக்கிட்டு, "பாருங்க, எவ்வளவு நிதானமா உட்கார்ந்திருக்காங்க"ங்கறார். நிதானமா? நான் மூச்சு விட்டே அரை மணி நேரம் ஆச்சு.

அவருக்கு சந்தோஷம் தாங்கலை. என்ன பண்ணார் தெரியுமா? சங்கத்துல ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருக்கு. அதுல நாதஸ்வரம் மேளம் போட்டு விட்டுட்டார். கெட்டிமேளம். அவ்வளவுதான். மின்னல் ஆட ஆரம்பிச்சுடுச்சு. முன்னங்காலைத் தூக்கித் தூக்கி, இடுப்பை நெளிச்சு நெளிச்சு. ஆடறப்ப கயிறு பிடிக்கக்கூடாதாம்; பாய் கயிறை விட்டுட்டார். நான் கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். சிஸ்டர் பெனடிக்டா சொல்லிக் குடுத்த ஜெபம் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. நான் இந்துதான், ஆனாலும் வந்துச்சு.

ஆடிக்கிட்டே போய் நேரா ஒரு திறந்த கேட்டுக்குள்ள நுழைஞ்சு போர்டிகோவுல நின்னுடுச்சு. யார் வீடு? வேற யாரு! வாசல்ல இழை பிசகாம இருபத்தோரு புள்ளிக் கோலம்.

பின்னாடியே கூட்டம் வருது. டீச்சர் வெளியே வந்தாங்க, என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, நேராப் போய்க் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. "செடி எல்லாம் மிதிபடுது, யாரும் உள்ளே வராதீங்க"ன்னு ஒரு அதட்டல். பாயைக்கூட விடலை. சுவர் உயரம், அதுமேல காகிதப்பூ. உள்ளே நான், குதிரை, அந்தம்மா.

கிட்ட வந்து மெதுவாக் கேட்டாங்க, "சாரு, நிஜமா உனக்கு ஏறத் தெரியாதா?"

"அதான் ஏறி உட்கார்ந்திருக்கேனே"ன்னேன். "இறங்கத்தான் தெரியாது."

சிரிப்பாங்கன்னு நினைச்சேன். சிரிக்கலை. அது இன்னும் மோசம். "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"ன்னாங்க. ஹெல்மெட்டுக்குள்ள எனக்குக் கண்ணு வேர்த்துச்சு. அவங்க உள்ளே போய்ப் பரண் ஏணியைக் கொண்டு வந்து போட்டாங்க. "வலது காலைத் தூக்கு. இந்தப் பக்கம் கொண்டு வா. என் தோளைப் பிடி. பிடிம்மா, நான் ஒண்ணும் உடைஞ்சு போயிட மாட்டேன்"னாங்க. அறுபத்து மூணு வயசு. அந்தத் தோள்ல என் மொத்த எடையையும் போட்டு இறங்கினேன். கடைசிப் படியில வழுக்கி ஒரு குரோட்டன்ஸ் தொட்டி காலி. அதுக்கும் ஒண்ணும் சொல்லலை. குதிரைக்கு ஒரு ஆரத்தி எடுத்தாங்க. எனக்கு ஒரு டம்ளர் காபி. சிக்கரி அதிகம்.

அதுக்கப்புறம் பண்ணினாங்க பாருங்க ஒரு வேலை. கேட்டைத் திறந்து, ஊரே நிக்கிறப்ப, "சாருவுக்கு என் காபி வேணுமாம், அதான் இங்கே கொண்டு வந்து நிறுத்திட்டா. நல்லா ஓட்டறா. ஆடற குதிரையில யார் உட்காருவா?"ன்னு சத்தமாச் சொல்லிட்டாங்க. நான் காபிக்கு அலையறவளா? ஒரு ஏணியைக் குடுத்துட்டு என் மானத்தை வாங்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் அதைக் கேட்டு ஒரு அடி உயரமாயிட்டார், அது வேற விஷயம்.

தை பொறந்ததும் ஓட்டெடுப்பு. குதிரைக்கு முப்பத்தி ரெண்டு கை, எட்டுக்கு முப்பத்தி ஒண்ணு. ஒரு கை இன்னும் தூக்கலை. டீச்சர் கை. எட்டுக்குத் தூக்கினா சமம் ஆகும், ரெண்டையும் கிடப்புல போட்டிருப்பாங்க. குதிரைக்குத் தூக்கினாங்க! அவங்க வரைஞ்ச எட்டுக்கு அவங்களே தூக்கலை. ஏன்? நான் தோத்தா விட்டுடுவேன், ஜெயிச்சாத்தானே மாட்டிக்குவேன்? கணக்கு டீச்சர்ங்க. எல்லாம் கணக்கு.

எங்க வீட்டுக்காரர் உடனே, "அடுத்த வாரமே வகுப்பை ஆரம்பிச்சுடலாம்"னார். டீச்சர் மறுபடி எழுந்து, "அதெப்படி முடியும்? மண்ணு இறுகணும். சித்திரை ஒண்ணாம் தேதி ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும் மதியம் ரெண்டரையில இருந்து மூணரை வரைக்கும் குதிரை மட்டும் வந்து இடத்துக்குப் பழகட்டும். அந்த ஒரு மணி நேரம் யாரும் மைதானத்துப் பக்கம் போகக்கூடாது, மிரளும்"னாங்க. மிரளுமா? பதினோரு வருஷம் வெடிச் சத்தத்துல நின்ன குதிரை! வேணும்னே என் திட்டத்தை மூணு மாசம் தள்ளிப் போட்டாங்க. தங்கவேலு சார் அதை போர்டுல எழுதி மாட்டியே விட்டுட்டார்.

சரி, எனக்கும் ஒரு விதத்துல தோதாப் போச்சு. அந்த நேரத்துல ஊரே சாப்பிட்டுட்டுத் தூங்கும். நான் ஜமால் பாய்கிட்ட சும்மா பேசப் போறேன். குதிரை மேல உட்கார்ந்து பேசறேன். "முதுகை நிமிர்த்துங்கம்மா, முட்டியை இறுக்குங்கம்மா"ம்பார் பாய். நாப்பது நாளாச்சு.

ஆனா அந்தம்மா என்னை நிம்மதியா விடறாங்களா? சரியா ரெண்டரைக்கு அவங்க கேட்டுல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிறாங்க. அவங்க வீட்டைத் தாண்டித்தானே மைதானத்துக்கு வரணும்? வர்றவன் போறவன், கொரியர்காரன், கீரைக்காரி, யாரா இருந்தாலும் பிடிச்சு வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசறாங்க. எனக்கு எதிரா ஆள் சேர்க்கிறாங்க, வேற என்ன? அதுமட்டுமா? அவங்க வீட்டு மோட்டாருக்கு தினமும் மதியம்தான் கோளாறு வருது. "தம்பி, கொஞ்சம் வந்து பாரு"ன்னு ஒரு போன். இவர் ஸ்பேனரைத் தூக்கிட்டு ஓடறார். வந்து, "மோட்டார்ல ஒரு குறையும் இல்லை சாரு, ஆனா முறுக்கு நல்லாயிருந்துச்சு"ங்கறார். என் புருஷனையே என் பக்கத்துல இருந்து பிரிக்கப் பார்க்கிறாங்க.

என்ன சொல்றீங்க? உங்களையும் நிறுத்தி வெச்சாங்களா? மோர் குடுத்தாங்களா? அதுதானே பார்த்தேன். என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? தயங்காம சொல்லுங்க.

"கொஞ்சம் கத்துவா, கண்டுக்காதே, தங்கமான மனசு"ன்னாங்களா? என் மனசைப் பத்திப் பேச அவங்க யாருங்க?

இதோ பாருங்க. நீங்க வர்றதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. ஸ்டூல் இல்லாம, ஏணி இல்லாம, பாய் கையைப் பிடிக்காம, வலது காலைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டு வந்து நானே இறங்கினேன். ரெண்டு காலும் தரையில. தொட்டி ஒண்ணும் உடையலை. பாய் கைதட்டினார். குதிரை கண்டுக்கவே இல்லை. அம்பத்திரெண்டு வயசுல ஒரு மனுஷி இதை யார்கிட்டயாவது சொல்லணுமா வேண்டாமா? இவர்கிட்ட சொல்ல முடியுமா? இவரைப் பொறுத்தவரைக்கும் நான் இருபத்தெட்டு வருஷமா இறங்கிட்டுத்தானே இருக்கேன். இதைக் கேட்டு, இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிஞ்சுக்கிற ஆளு இந்த ஊர்லயே ஒருத்தர்தான். அவங்ககிட்ட நான் பேசறதில்லை. காபிப் பேச்சுக்கு அப்புறம் நிறுத்திட்டேன்.

அதோ செருப்புச் சத்தம், அவர்தான் வர்றார். குதிரைப் பேச்சை இத்தோட விடுங்க. சாவியை வாங்கிட்டு மேல போய்ப் பாருங்க, வாடகை எல்லாம் அப்புறம் பேசிக்கலாம், நான் கறார் கிடையாது. திரும்பிப் போறப்ப டீச்சர் வீட்டைத் தாண்டித்தானே போவீங்க? எப்படியும் கூப்பிடுவாங்க. பேச்சுவாக்குல சொல்லிடுங்க, "சாரு இன்னைக்குத் தானே இறங்கிட்டாங்களாம்"னு. அவ்வளவு சொன்னாப் போதும், அவங்களுக்குப் புரியும். நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.